எட்டாவது கந்தல் கோட்டு

நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தின் கோடை விழாவுக்கு ஆட வந்த எட்டுப் பேரும் முகத்தில் கரி பூசியிருந்தார்கள். 2013ஆம் ஆண்டு அது. நான் ஓர் அம்மையாரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தபோதுதான் அவர்களைக் கண்டேன். கலர் கலராகத் துணிக் கீலங்கள் தைத்த கோட்டு, முழங்காலுக்குக் கீழே சதங்கைப் பட்டி, கையில் ஆளுக்கொரு மரப்பொல்லு, தொப்பியில் கோழியிறகு. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அட்டக் கரி. ஒரு தாடிக்காரர் ஒதுங்கி நின்று அக்கோடியன் வாசிக்க, எட்டுப் பேரும் எதிரெதிரே நின்று பொல்லோடு பொல்லு அடித்து, குதித்து, நடுநடுவே ஓவென்று கத்தினார்கள். முதியவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

அந்தத் தோட்டத்தில் கறுத்த நிறத்தோடு பிறந்தவர்கள் நானும் சமையலறையில் வேலை செய்யும் எரித்திரியப் பெடியனும் மட்டும்தான். எங்களைப் பழிக்கத்தான் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்தச் சுவிஸ் நாட்டில் இருபது வருடம் இருந்தவளுக்கு இப்படி நினைக்கப் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலே போதும்.

ஆட்டம் முடிந்ததும் கரிமுகம் ஒன்று நேரே என்னிடம் வந்து, சிரித்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டது. குரலைக் கேட்டதும் திடுக்கிட்டுப் போனேன். எங்கள் இல்லத்தில் முதியவர்களுக்கு உடற்பயிற்சி செய்விக்கும் ஆங்கிலேயப் பெண் அது. ஐந்து வருடமாக மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருப்பவள். என் கத்தரிக்காய்க் குழம்பை நக்கிச் சாப்பிட்டவள். அவளா இப்படி என்று எனக்கு நெஞ்சு வலித்தது. தண்ணீர்க் குழாயைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் மேசையில் நேரடியாகவே கேட்டேன். மனதில் வைத்துப் புழுங்குகிற ஆள் நான் இல்லை. என் நிறத்தைப் பூசிக்கொண்டு துள்ளுவதில் உனக்கு என்ன சந்தோஷம் என்றேன். அவள் முகம் செம்பருத்திப் பூவாகிவிட்டது. பிறகு அவளுக்குத் தெரிந்த ஜெர்மனில் நீளமாகச் சொன்னாள். அதற்கு மொறிஸ் என்று பெயராம். இங்கிலாந்தில் பல வகை உண்டாம்; வெள்ளை உடுப்போடு கைலேஞ்சித் துணி வீசி ஆடுகிறவர்களும் இருக்கிறார்களாம். இவர்கள் ஆடுவது மேற்கு எல்லைப்பக்கத்து வகை. அந்தக் காலத்தில் பனி நாட்களில் வயலில் வேலை இருக்காது. பிச்சை எடுத்தால் தண்டனை. ஆகவே கூலிக்காரர்கள் முதலாளிக்கு ஆளடையாளம் தெரியாமல் இருக்க அடுப்புக் கரியை முகத்தில் பூசி, பழந்துணியைக் கோட்டில் தைத்து, வீடுவீடாக ஆடிக் காசு கேட்டார்களாம்.

நல்ல கதைதான் என்றேன். கதை சொல்லுகிறவர்கள் எல்லாரும் தங்களுக்கு வசதியான இடத்தில்தான் தொடங்குவார்கள். அதை அவளிடமே சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கரிக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், தனக்கு முழுதாகத் தெரியாது என்று ஒத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மாலையில் பயிற்சி, நீயே வந்து பார் என்றாள்.

என் கணவர் சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். யாழ்ப்பாணத்தார். நான் மட்டக்களப்பு. சந்தேகத்தில் மட்டும் இருவரும் ஒரே ஊர். அவர் கேட்டதும் சொன்னார், இது ஏதோ மதம் மாற்றும் சபைக்காரரின் வேலை, முதலில் ஆடவிடுவார்கள், பிறகு தேத்தண்ணி கொடுப்பார்கள், மூன்றாம் கிழமை தண்ணீரில் முக்கிவிடுவார்கள் என்று. அதற்காகவே போனேன். என்ன நடக்கிறதென்று உளவு பார்க்க.

ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம். முக்கிவிட அங்கே தண்ணீர் இல்லை. தேத்தண்ணி மட்டும் இருந்தது. இரண்டு பொறியியலாளர், ஓர் ஆங்கில ரீச்சர், ஒரு நூலகப் பெண், அப்படி இப்படி ஆட்கள். பாதிப் பேர் ஆங்கிலேயர், பாதிப் பேர் சுவிஸ்காரர். தாடிக்காரர்தான் தலைவர்; மலைப்பக்கத்து மாநிலம் ஒன்றிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர். அன்று ஓர் ஆள் குறைந்துபோயிற்று. எட்டுப் பேர் ஆட்டத்தில் ஒருவர் இல்லாவிட்டால் பொல்லு காற்றில் அடிக்கும். சும்மா அந்த இடத்தில் நின்று பொல்லைப் பிடி என்று என்னிடம் ஒன்றைத் தந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கோலாட்டம் ஆடிய கை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சதங்கை கட்டிக் கோலடித்து வசந்தன் ஆடுவார்கள். பெண் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்ததோடு சரி. இங்கே யாரும் என்னை வேலியோரம் நில் என்று சொல்லவில்லை. இரண்டாவது சுற்றிலேயே அடி பிடிபட்டுவிட்டது. எல்லாரும் வியந்து பாராட்டினார்கள். இவ்வளவு பாராட்டுவானேன் என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை ரயிலில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த செவ்வாயும் போனேன்.

மூன்று மாதம் கழித்து வெளியே ஆடப் போன முதல் நாள்தான் சிக்கல் வந்தது. ஒரு கரிப் பெட்டி கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து நின்றது. அதுவரை கலகலத்த அறை அப்படியே அடங்கிவிட்டது. ஒருவர் சப்பாத்து நாடாவைக் கட்டுகிறார், ஒருவர் ஜன்னலைப் பார்க்கிறார். என்னிடம் பூசு என்று சொல்லவும் பயம், பூசாதே என்று சொல்லவும் பயம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. ஆட்டத்தின் வழக்கப்படி முகம் மறைத்துத்தான் ஆக வேண்டும். என் கைப்பையில் துத்தநாகக் களிம்பு இருந்தது. படுக்கையிலேயே கிடக்கும் முதியவர்களின் தோல் புண்ணாகாமல் பூசுவோமே, அந்த வெள்ளைக் களிம்பு. என் கை வெடிப்புக்காக வாங்கி வைத்தது. அதைப் பிதுக்கி முகம் முழுக்கப் பூசிக்கொண்டேன். நீங்கள் கறுப்பாகுங்கள், நான் வெள்ளையாகிறேன், கணக்குச் சரி என்றேன். பிறகு அந்த ஆங்கிலேயப் பெண்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். கண்ணீர் வழிந்து அவளுடைய கரியில் கோடு விழுந்தது. அன்றைக்குத்தான் அவளை எனக்கு மறுபடி பிடித்துப்போயிற்று.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முகத்தில் சாயம் இருக்கும்வரை ஒருவர் பெயரை ஒருவர் சொல்லக்கூடாது. நிற்கும் இடத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொன்னால் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்ற அந்தக் காலத்துப் பயம், இன்றைக்கு விளையாட்டாகிவிட்டது. நான் ஆறு. அவள் ஐந்து. எங்கள் பொல்லுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத்தான் அடிக்கும்.

2016இன் கடைசியில் நான் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தேன். அதற்கு முந்திய வருடங்களை இங்கே விரித்து எழுத விரும்பவில்லை. வருடாவருடம் புதுப்பித்த தற்காலிக அட்டை, பிறகு ஒரு நிரந்தர அட்டை. ஒவ்வொரு முறையும் குடிவரவு அலுவலகக் கருமபீடத்தில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்வை. அது போதும். சிவப்புக் கடவுச்சீட்டு ஒன்று கையில் இருந்தால் இனி யாரும் என்னை எங்கேயும் திருப்பி அனுப்ப முடியாது. அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்தில் இருந்த பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: முடிவு வரும்வரை பொலிஸில் உங்கள் பெயர் வரக்கூடாது, வழக்கு ஏதும் இருந்தால் எல்லாம் அப்படியே நிறுத்தப்படும். அன்றிலிருந்து மஞ்சள் விளக்கில்கூட வீதியைக் கடந்ததில்லை.

மொறிஸ்காரர்களுக்கு மே முதலாம் திகதி தைப்பொங்கல் மாதிரி. சூரியன் எழும்போது ஆட வேண்டும். அதைத் தவறவிட்டால் கோடை வராது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் ஒருவரும் தவறவிட மாட்டார்கள். 2017இல் ஷ்லீரனுக்கு மேலே காட்டோரம் விடிய ஆடிவிட்டு, பகல் பதினொரு மணிக்கு சூரிச் பழைய நகரத்தில் ஒரு மதுக்கடை முற்றத்தில் ஆடுவதென்று ஏற்பாடு. என் கணவர் முதல்நாளே எச்சரித்தார்.

"மே முதலாந் திகதி முகத்தில பூசிக்கொண்டு, கையில பொல்லும் பிடிச்சுக்கொண்டு ரவுணுக்குப் போறீரோ? அண்டைக்குத் தொழிலாளர் ஊர்வலம். முகம் மறைச்ச பெடியள் கண்ணாடி உடைப்பாங்கள். முகம் மறைக்கக்கூடாது எண்டு சட்டமே இருக்கு."

விடிய ஆட்டம் முடிந்து பாணும் தேத்தண்ணியும் சாப்பிட்டபோது நான் இதை என் ஆங்கிலேயத் தோழியிடம் சொன்னேன். அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவருடைய மலை மாநிலத்தில் மே முதலாம் திகதி வேலை நாள். ஊர்வலமும் இல்லை, உடைப்பும் இல்லை. அவர் யோசித்ததே இல்லை. நாங்கள் ஆடுகிறவர்கள், கோழியிறகு குத்தியிருக்கிறோம், எங்களைப் பார்த்து யார் பயப்படுவார் என்றார். அந்த முற்றம் தனியாருடையது, அனுமதி தேவையில்லை என்று அவளும் சொன்னாள். உலகத்திலேயே எட்டு மொறிஸ்காரர்களால் மட்டும்தான் இப்படி ஒரு பிழை விட முடியும். அவர்களுக்கு அந்த நாள் ஆட்ட நாள். அவ்வளவுதான்.

என் இடம் காலியானால் ஆட்டம் கெட்டுவிடும் என்று நானும் கூடப் போனேன். ரயிலில் ஆட்கள் எங்களை விட்டுத் தள்ளித் தள்ளி இருந்தார்கள். ஒரு தாய் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

சூரிச் நிலையத்தில் இறங்கியதும் நான்தான் முதலில் படியேறினேன். மேல்படியில் கால் வைத்ததும் கண்டேன். தலைக்கவசம், கேடயம், வரிசையாகப் பொலிஸ். இரண்டு பேர் ஓர் இளைஞனின் பையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னை இன்னும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கால்கள் திரும்பியதுதான். ஏறிவந்த என் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். அடிக்கு அடி சதங்கை ஜல் ஜல்லென்று என்னைக் காட்டிக்கொடுத்தது. கோட்டைக் கழற்றி எங்கே எறிந்தேன் என்றுகூட நினைவில்லை.

கீழ் நடைபாதையின் அந்தத் தொங்கல் முனையில் கழிப்பறை இருந்தது. உள்ளே போய்க் குந்தியிருந்து பட்டிகளை அவிழ்த்துப் பையில் திணித்தேன். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைக் கழுவினேன். துத்தநாகம் தண்ணீருக்கு மசியுமா? சவர்க்காரம் போட்டேன், தேய்த்தேன், தோல் எரிந்தது, வெள்ளை மட்டும் போகவில்லை. பத்து வருடமாக அந்தக் களிம்பைப் பூசித் துடைத்தவள் நான். எண்ணெய்தான் அதற்கு மருந்து என்று எனக்குத் தெரியும். பயத்தில் அதுகூட மறந்துபோயிற்று. நினைவு வந்ததும் கைக்குப் பூசும் கிறீமை எடுத்துத் தேய்த்துக் கடதாசியால் துடைத்தேன். வெளியே வந்தபோது, காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு துப்புரவுப் பெண்ணாக இருந்தேன். கடந்து போன பொலிஸ்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார். பார்க்கவே இல்லை என்றும் சொல்லலாம்.

என் ஆட்களைப் படியடியில் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். பொல்லுகள் தரையில். ஓர் அதிகாரியின் கையில் என்னுடைய கந்தல் கோட்டு தொங்கியது. அதைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். அந்த ஆங்கிலேயப் பெண்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது தலையைத் திருப்பி என்னைக் கண்டாள். சனக் கூட்டத்துக்கு மேலாக, கரிமுகத்திலிருந்து இரண்டு கண்களும் நேரே என்னைப் பார்த்தன. பிறகு அதிகாரியிடம் ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். நான் நின்ற பக்கம்.

எங்கள் ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடக்கும்போது சாக்கால் முகம் மூடிய ஒருவனை ஜீப்பில் கொண்டுவந்து இருத்துவார்கள். நாங்கள் வரிசையில் அவனைக் கடந்து போக வேண்டும். அவன் வாய் திறக்க மாட்டான். தலையை மட்டும் ஆட்டுவான். ஒரு காலையில் என் அண்ணை போனபோது அவன் தலை ஆடியது. அண்ணை திரும்பி வரவே இல்லை. அந்த நிலையத்தில் அந்தக் கையைக் கண்டபோது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. சரி, முடிந்தது, இவள் காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. நடந்து போய், வந்த ரயிலில் ஏறி, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அன்று அவள் நாலைந்து தரம் தொலைபேசி எடுத்தாள். நான் தூக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்கத் தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டாலே பெட்டியடிக்கு ஓடினேன். கடிதம் ஒன்றும் வரவில்லை. அதற்கிடையில், அடுத்த வேலை நாளே அவள் சாப்பாட்டு மேசையில் வந்து எதிரே இருந்தாள். பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்த விஷயத்தை நான் முடித்துவிட்டேன், நீ யோசிக்காதே என்றாள். முடித்தாயா, யாரோடு கதைத்து முடித்தாய், எதைக் கொடுத்து முடித்தாய்? கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மனதில் வைத்துப் புழுங்கினேன். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன்.

ஜூனில் கெமைண்டேயில் நேர்முகம். மூன்று பேர் இருந்தார்கள். ஆறு, மலை, வாக்கெடுப்பு எல்லாம் கேட்டுவிட்டு, ஏதாவது சங்கத்தில் இருக்கிறீர்களா என்று ஓர் அம்மையார் கேட்டார். இல்லை என்றேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆனால் நீங்கள் ஆங்கில நடனக் குழு ஒன்றில் ஆடுகிறீர்கள் அல்லவா என்றார். அது முன்பு, இப்போது இல்லை என்று சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவளைத் தவிர வேறு யார் சொல்லியிருப்பார்கள்? அன்றே மேற்பார்வையாளரிடம் போய், முதலாம் மாடி வேலை இடுப்புக்கு ஆகவில்லை என்று பொய் சொல்லி இரண்டாம் மாடிக்கு மாறினேன். அவளுடைய சாப்பாட்டு நேரம் பன்னிரண்டு. நான் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டேன்.

மறு வருடம் கடவுச்சீட்டு வந்தது. வீட்டில் கேசரி கிண்டினோம். அவளுக்குச் சொல்லவில்லை. நடைபாதையில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள். நானும் அசைப்பேன். மாதங்கள் போகப் போக அவள் அசைப்பது குறைந்தது. பார், குற்ற உணர்ச்சி என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மூன்று வருடம் அந்தப் பேயோடுதான் குடித்தனம் செய்தேன்.

2020 கோடையில் தாடிக்காரர் அழைத்தார். உலகமெங்கும் நிறத்தைப் பற்றிக் கதை நடக்கிறது, இங்கிலாந்திலும் பல குழுக்கள் கரியைக் கைவிடுகின்றன, நாங்களும் முடிவெடுக்கப் போகிறோம், உங்கள் கருத்தைக் கேட்காமல் எடுக்க விரும்பவில்லை என்றார். அடேயப்பா, இப்போதுதான் என் தோல் ஞாபகம் வந்ததாக்கும் என்று நினைத்தேன். கறுப்பி ஒருத்தி பரவாயில்லை என்று சொன்னாள் என எழுதிவைக்க ஒரு சாட்சி தேவைப்படுகிறது. முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றே போனேன்.

நோய்க்காலம் ஆதலால் பள்ளி முற்றத்தில் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். அவள் வரவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. கரிப் பெட்டி என்னிடம் வந்து நின்ற அன்றே இதைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன், ஏழு வருடம் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு இன்றைக்குக் கேட்கிறீர்கள் என்றேன். அவர்கள் தலை குனிந்தார்கள். நூலகப் பெண் மன்னிப்புக் கேட்டாள். பச்சைச் சாயம் என்று தீர்மானமாயிற்று.

எல்லாரும் கதிரை மடிக்கும்போது, ஐந்தாம் ஆள் ஏன் வரவில்லை என்று தலைவரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். அந்த மே மாதத்துக்குப் பிறகு அவள் ஆட வருவதில்லை என்றார். வழக்கு முடியவே ஒன்றரை வருடம் போயிற்றே என்றும் சொன்னார்.

என்ன வழக்கு என்றேன். அவர் என்னை வடிவாக உற்றுப் பார்த்தார். உங்களுக்குத் தெரியாதா என்றார்.

அன்று எல்லாரையும் பெயர் பதிந்துவிட்டு விடத்தான் இருந்தார்களாம். அந்தக் கோட்டுத்தான் பிரச்சினையாகிவிட்டது. கோட்டை எறிந்துவிட்டு ஓடியவர் யார் என்று அதிகாரி விடாமல் கேட்டார். முகத்தில் சாயம் இருக்கும்போது பெயர் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தைச் சாட்டாக வைத்து மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் மட்டும் முன்னால் போய், யாரும் ஓடவில்லை, அது என்னுடைய மாற்றுக் கோட்டு, இதை ஒழுங்கு செய்தவளும் நான்தான் என்றாள். ஓடியதை இரண்டு பேர் கண்டிருந்தார்கள். முகம் மறைத்தது, பொல்லு கொண்டுவந்தது, பொய் சொன்னது என்று எல்லாம் அவள் பெயரில் விழுந்தன. அவளும் அந்த வருடம் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தாள். இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் போவதென்று முடிவானதிலிருந்து அவளுக்கும் பயம். வழக்கைக் கண்டதும் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அவள் கையைக் காட்டினாளே, என் பக்கமாகக் காட்டினாளே என்றேன். தலைவர் யோசித்துப் பார்த்தார். கரியைக் கழுவ விடுவீர்களா, அங்கே ஒரு கழிப்பறை இருக்கிறது என்று கேட்டாள், அதற்காக இருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் முழுவதையும் கொட்டினேன். நேர்முகத்தில் கேட்ட அந்தக் கேள்வியையும் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அது நான் எழுதினதப்பா. படிவம் நிரப்பினது நான்தானே. பொழுதுபோக்கு எண்ட இடத்தில ஆங்கில நடனம் எண்டு போட்டனான். சங்கத்தில இருந்தா நல்லது எண்டு எல்லாரும் சொன்னவை. நீர் வாசிச்சுப் பாக்காமலோ கையெழுத்து வைச்சனீர்?"

நான் அழுதேன். வெட்கக்கேடாக, சத்தம் போட்டு அழுதேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு முதலாம் மாடிக்குப் போனேன். நோய்க்காலத்து விதிப்படி மேசைக்கு ஓர் ஆள்தான். அவள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தாள்களை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். தலைமுடி நரைத்திருந்தது. ஒரே கட்டடத்தில் மூன்று வருடம் இருந்தும் அதை நான் கவனிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் என்ன நினைத்தேன், எதற்காக மாடி மாறினேன், எல்லாம். மன்னித்துக்கொள் என்றேன். அவள் இடையில் மறிக்காமல் கேட்டாள். நான் நினைத்ததைக் கேட்டு அவள் வியக்கவும் இல்லை. மேசை மாறிய அன்றே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே என் புத்தி, இவள் எனக்காக ஏன் இதைச் செய்தாள், இவளுக்கு என்ன லாபம் என்று துருவிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான். வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"நீ படியில் ஓடியதைப் பார்த்தேன்," என்றாள். "அப்படி ஓடுகிற ஒருவரை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன். அது பிரசாவுரிமைப் படிவம். மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். சுவிஸ் நாட்டவர் மூவரின் பெயர் கேட்கும் பக்கம் திறந்திருந்தது. விண்ணப்பக்காரரை நன்றாகத் தெரிந்தவர்கள், அவருக்காகப் பேசக்கூடியவர்கள். நான் இப்போது சுவிஸ்காரி, என் பெயரை எழுது, எத்தனை பக்கம் என்றாலும் எழுதித் தருகிறேன், எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன் என்றேன். மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவள் பேனையைத் தாளிலிருந்து எடுத்தாள். பிறகு மரியாதையாகச் சொன்னாள்.

"நன்றி. மூன்று பேரும் ஏற்கனவே கிடைத்துவிட்டார்கள்."

படிவம் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன. மூன்றாவது வரி வெறுமையாக இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். பேனையை மூடி, தாள்களை ஒன்றாக அடுக்கி, முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பயிற்சிக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்று சொல்லி எழுந்து போனாள்.